செவ்வாய் டிக்கெட், வியாழன் விமானம்: பாங்காக் நாட்குறிப்பு

வியாழன் இரவு, பெங்களூரு விமான நிலையம்

செவ்வாய்க்கிழமை டிக்கெட் எடுத்தோம், இதோ வியாழன் இரவு கேட் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நடுவில் கிடைத்த ஒரு புதன்கிழமையில் இரண்டு பேரும் லீவு சொல்லி, துணி மடித்து வைத்து, வீட்டில் சமாதானமும் சொல்லி முடித்தாயிற்று. வெளிநாடு என்றால் ஆறு மாதம் முன்பே ஆரம்பிக்க வேண்டும், ஏஜென்ட்டிடம் பேக்கேஜ் பேச வேண்டும், குடும்பமாகத்தான் போக வேண்டும் என்று நம் வீடுகளில் ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. எல்லா ஊருக்கும் அது தேவையில்லை என்பதற்காகவே இதை நாள்தோறும் எழுதிப் போடலாம் என்றிருக்கிறேன்.

கூட வருகிறவள் எங்கள் வீட்டு மாடியில் குடிவந்து தோழியானவள். திருநெல்வேலிக்காரி, இங்கே ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். நான் பெங்களூரின் அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவள். இந்த வார இறுதிக்குக் கூர்க் போகலாம் என்றுதான் பேச்சு. நல்ல ரூம்கள் கேட்ட வாடகையைப் பார்த்துவிட்டு அவள் சும்மா பாங்காக் டிக்கெட் விலையைத் தட்டிப் பார்த்தாள். "ஏய், இதைப் பாரு டீ" என்று போனை நீட்டினாள். அவ்வளவுதான், அதற்கு மேல் யோசிக்கவில்லை.

சுற்றுலாவுக்குப் போகும் இந்தியர்களிடம் விசா கேட்பதை 2023 நவம்பரில் தாய்லாந்து நிறுத்தியது. அதனால்தான் இப்படி நினைத்தவுடன் கிளம்ப முடிந்தது. ஆனால் 2025 மே மாதம் முதல் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்பியாக வேண்டும், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத்துடையது இல்லை, வெளியே வந்துவிடுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கட்டும். ஹோட்டல் புக்கிங், திரும்பும் டிக்கெட் இரண்டையும் காகிதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்துப் பணமான பாட் கொஞ்சம் மாற்றிக்கொண்டோம். என்ன பார்க்கப் போகிறோம் என்று இதுவரை எந்தப் பட்டியலும் இல்லை.

வெள்ளி, சீலோம்

விடியும்போது பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கினோம். நம் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது இந்த ஊர். டாக்சிக்காரர்கள் பக்கமே போகாமல் அடித்தளத்துக்கு இறங்கினால் ரயில் நிற்கிறது. பாயா தாய் நிலையம் வரை 45 பாட், அரை மணி நேரம். அங்கிருந்து தூண்களின் மேல் ஓடும் ஸ்கைட்ரெயின். 1999ல் ஆரம்பித்த ரயில் என்பதால் ஊரே அதன் நிழலில் வளர்ந்ததுபோல் இருக்கிறது, நிலையத்திலிருந்தே நடைபாலம் கட்டிடங்களுக்குள் போய்விடுகிறது, சாலையைக் கடக்க உயிரைக் கையில் பிடிக்க வேண்டியதில்லை. பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் வாழ்க்கையைக் கழிக்கிற எங்களுக்கு இதுவே பெரிய விஷயம்.

சீலோம் பகுதியில், சுராசக் நிலையம் பக்கத்தில் சின்ன ஹோட்டல். ரூம் தர மதியம் ஆகும் என்றார்கள், பைகளை வைத்துவிட்டு நடந்தோம். கொஞ்ச தூரத்தில் மல்லிகை வாசனை வந்தது, அப்புறம் சாமந்தி மாலைகள், தேங்காய், வாழைப்பழம் அடுக்கிய தட்டுகள், நிமிர்ந்தால் ராஜகோபுரம். ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். இங்கே இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் இப்படித் தெருமுனையில் திடீரென்று எதிரே நிற்கும் என்று நினைக்கவில்லை.

1879ல் வைத்தி படையாட்சி என்ற தமிழர் முன்னின்று கட்டியதாகச் சொல்கிறார்கள். பிழைக்க வந்த ஊரில் கோயில் எழுப்புவது நமக்குப் புதிதா என்ன. ஆங்கிலேயர் பெங்களூரில் கண்டோன்மென்ட் அமைத்தபோது பின்னாலேயே வந்த தமிழர்கள் அல்சூரில் செய்ததும் அதுதான். ஆனால் எங்கள் தெருவில் ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது வருகிறவர்கள் பெரும்பாலும் நாங்களேதான். இங்கே உள்ளே போனால் நூறு பேரில் தொண்ணூறு பேர் தாய்லாந்துக்காரர்கள். அலுவலகச் சீருடையோடு வந்த பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் மண்டியிட்டு, தாய் எழுத்தில் அச்சடித்த துதியை வாய்விட்டுப் படிக்கிறார்கள். ஒரு பாட்டி தன் பேரனுக்குக் குங்குமம் எப்படி வைத்துக்கொள்வது என்று விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். குருக்களிடம் தமிழில் பேசியதும் அவர் முகம் மலர்ந்தது, அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டார். தோழி கண் கலங்கிவிட்டாள், எனக்கும் தொண்டை அடைத்தது. கட்டியவர்களின் மொழி தெரியாதவர்கள் இத்தனை வருஷமாக இந்த அம்மனை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவளை யாரும் வந்தேறி என்று நினைப்பதில்லை, அவள் சீலோம் அம்மன்.

உள்ளே படம் எடுக்கக் கூடாது, அது நல்லதுதான். விஜயதசமி இரவு சாலையையே அடைத்து ஊர்வலம் நடக்குமாம், பூக்கடை அம்மா போனில் படம் காட்டினார்.

சாயந்திரம் சிட்லோம் பக்கம். பெரிய பெரிய வணிக வளாகங்களுக்கு நடுவே, ரயில் பாதைக்குக் கீழே, நான்முகப் பிரம்மா. எராவான் ஹோட்டல் கட்டும்போது அடுத்தடுத்து அசம்பாவிதம் நடந்து, ஜோசியர் சொன்னதன் பேரில் 1956ல் வைத்த சன்னதி. நம் ஊரில் பிரம்மாவுக்குத் தனிக் கோயில் தேடி அலைய வேண்டும், இங்கே நாற்சந்தியில் நின்று எல்லாருக்கும் வரம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். வேண்டுதல் பலித்தவர்கள் பணம் கட்டினால், அங்கேயே இருக்கும் நடனப் பெண்கள் கிரீடமும் பட்டும் அணிந்து அவர்கள் பெயரால் ஆடுகிறார்கள். 2015 ஆகஸ்டில் இதே இடத்தில் குண்டு வெடித்து இருபது பேர் இறந்தார்கள். அடுத்த சில நாட்களிலேயே சன்னதியைத் திறந்துவிட்டார்களாம். நாங்கள் நின்ற நேரத்தில் ஒரு இளைஞன் தனியாக வந்து வெகு நேரம் கைகூப்பி நின்றான், பிறகு அவனுக்காக ஆடினார்கள், அவன் அழுதுகொண்டே பார்த்தான்.

இரவு பதினோரு மணிக்கு ரூமுக்கு நடந்தே வந்தோம். இரண்டு பெண்கள், கையில் போன், தெருவோரக் கடைகளில் குடும்பங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன, பூக்காரி, பழக்காரி எல்லாரும் இன்னும் வியாபாரத்தில். ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெங்களூரில் அந்த நேரத்துக்கு ஆட்டோவுக்கு நிற்கும்போது வண்டி எண்ணை அம்மாவுக்கு அனுப்பாமல் நான் ஏறியதில்லை. தெருவில் இவ்வளவு பெண்கள் கடை போட்டிருப்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சனி, ஆற்றோரம்

இன்று முழுக்க தண்ணீர். சாதோர்ன் படகுத்துறையில் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் ஏறினால் ஊர் நடுவே ஓடும் சாவ் பிரயா ஆற்றைப் பார்த்துக்கொண்டே போகலாம். பக்கத்திலேயே சுற்றுலாப் படகு என்று அதிக விலைக்கு விற்கிறார்கள், தேவையே இல்லை. ஆரஞ்சுக் கொடியில் பள்ளிப் பிள்ளைகளும் துறவிகளும் வருகிறார்கள், துறவிகளுக்கென்று தனி இடம் ஒதுக்கியிருக்கிறது. படகு துறையை உரசி ஒரு நிமிஷம்கூட நிற்காது, நடத்துனர் விசில் ஊதுவார், குதித்து இறங்க வேண்டும்.

தா தியென் துறையில் இறங்கி வாட் போ கோயில். சாய்ந்த புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். எங்கே நின்றாலும் முழுசாகக் கண்ணில் அடங்காது, தூண்களுக்கு நடுவே முகம் கொஞ்சம், தோள் கொஞ்சம் என்று நடந்துகொண்டே சேர்த்துக்கொள்ள வேண்டும். பாதங்களில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள். முதுகுப் பக்கம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நாணயம் போட்டுக்கொண்டே போகிறார்கள், அந்தக் கணகண சத்தம் மண்டபம் முழுக்க நிற்காமல் கேட்கிறது.

ஆனால் எங்களை அரை நாள் கட்டிப்போட்டது அந்தப் புத்தர் இல்லை. வெளியே சின்னச் சின்னப் பாறை மேடுகளில் ரிஷிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் காலைத் தலைக்குப் பின்னால் வளைக்கிறார், ஒருவர் கழுத்தைத் திருப்புகிறார், ஒருவர் இன்னொருவர் தோள்பட்டையை அழுத்துகிறார். பக்கத்து மண்டபச் சுவர்களில் பளிங்குக் கல்லில் மனித உடம்பை வரைந்து, எந்த நரம்பு எங்கே ஓடுகிறது, எங்கே அழுத்தினால் எந்த வலி போகும் என்று கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். மூன்றாம் ராமா மன்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கோயிலைப் புதுப்பித்தபோது மருத்துவம், இலக்கியம், வானியல் என்று நாட்டில் இருந்த அறிவையெல்லாம் கல்லில் பொறித்து, எழுதப் படிக்கத் தெரிந்த யார் வேண்டுமானாலும் வந்து கற்றுக்கொள்ளட்டும் என்று வைத்துவிட்டார். 2011ல் யுனெஸ்கோ அந்தக் கல்வெட்டுகளை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

தோழி அந்தச் சுவரை விட்டு நகரவில்லை. "இங்க பாரு, இடுப்பு வலின்னு வர்றவங்களுக்கு நான் தினமும் கை வைக்கிற இடம் இது" என்று ஒரு புள்ளியைக் காட்டினாள். கோடுகள் எல்லாம் அவள் படித்த உடற்கூறியலோடு ஒத்துப்போகவில்லை, அதையும் சொன்னாள், ஆனால் வலியோடு வருகிறவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தவர்கள்தான் இதை வரைந்திருக்க முடியும் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஒரு வைத்தியம் ஒரு குடும்பத்தின் ரகசியமாக, ஓலைச்சுவடியோடு பரணில் செல்லரித்துப் போகாமல், கோயில் சுவரில் பொதுச்சொத்தாக இருப்பதை அவள் சொல்லிச் சொல்லி மாளவில்லை. திருநெல்வேலிப் பக்கத்து வர்மக்காரர் ஒருவரிடம் கற்றுக்கொள்ளப் போய், பெண்ணுக்குச் சொல்லித்தர மாட்டேன் என்று திருப்பி அனுப்பப்பட்டவள் அவள்.

கோயிலுக்குள்ளேயே மசாஜ் பள்ளி இருக்கிறது, 1955ல் தொடங்கியது. பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். தளர்ந்த பருத்தி உடை கொடுக்கிறார்கள், எண்ணெய் கிடையாது. எங்களுக்குச் செய்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும், முழங்கை, கால்பாதம் எல்லாவற்றையும் பயன்படுத்தினார். பாதியில் தோழி எழுந்து உட்கார்ந்துகொண்டு போனில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்துக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள், அந்த அம்மாவும் அவள் கையைப் பிடித்துக் கட்டைவிரலை எப்படி வைக்க வேண்டும் என்று காட்டினார். நேரம் முடிந்த பிறகும் விடவில்லை. இந்தப் பயணத்துக்கு வேறு எதுவும் வேண்டாம், இது போதும் என்றாள்.

எதிர்க்கரைக்குச் சின்னப் படகு. வாட் அருண் கோபுரம் முழுக்கச் சீனப் பீங்கான் துண்டுகள். வணிகக் கப்பல்களில் பாரத்துக்காக ஏற்றி வந்த பீங்கானை உடைத்துப் பூவாக ஒட்டியிருக்கிறார்கள். மேலே மாடங்களில் மூன்று தலை ஐராவதத்தின் மேல் இந்திரன். வெயில் தாங்கவில்லை, சீக்கிரம் கிளம்பினோம்.

சாயந்திரம் யாவ்ராட், சீனர் பகுதி. முதலில் வாட் திரைமித் தங்கப் புத்தர், ஐந்தரை டன். சுண்ணாம்புக் காரை பூசிய சாதாரணச் சிலை என்று நினைத்து ஒரு தகரக் கொட்டகைக்குக் கீழே வைத்திருந்ததை 1955ல் இடம் மாற்றத் தூக்கியபோது கீழே விழுந்து, காரை உடைந்து, உள்ளே தங்கம் தெரிந்தது. படையெடுப்புக்குப் பயந்து யாரோ பூசி மறைத்தவர்கள், விவரம் சொல்லாமலே போய்விட்டார்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தோழி சைவம், நான் எல்லாம் சாப்பிடுவேன். இங்கே காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன் சாஸ் ஊற்றிவிடுவார்கள், பப்பாளி சாலட்டில் காய்ந்த இறால் இருக்கும். "ஜே" என்று சொல்ல வேண்டும், அல்லது மஞ்சள் பலகையில் சிவப்பாக அந்த எழுத்து இருக்கும் கடையைத் தேட வேண்டும். சீன பௌத்தர்களின் விரதச் சாப்பாடு அது. வெங்காயம், பூண்டுகூட இல்லை. நான் நெருப்பில் வாட்டிய இறால் சாப்பிட்ட தெருவிலேயே அவள் ஜே நூடுல்ஸ் வாங்கி வயிறாரச் சாப்பிட்டாள். இரண்டு பேருக்கும் பிடித்தது கனோம் க்ரோக்: நம் குழிப்பணியாரச் சட்டி மாதிரியே ஒன்றில் தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் ஊற்றி, ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் கூழாக, கொஞ்சம் உப்பும் கொஞ்சம் இனிப்புமாக எடுத்துத் தருகிறார்கள். மாம்பழமும் தேங்காய்ப்பால் சோறும் எல்லாரும் சொல்வதுதான், உண்மையாகவே அருமை.

ஞாயிறு, ஊஞ்சல்

சதுசாக் சந்தைக்குப் போகலாம் என்று எழுந்தோம். காப்பி குடிக்கும்போது வரைபடத்தில் தேவசதான் என்ற இந்துக் கோயிலின் பெயரைப் பார்த்தேன், சந்தை போயிற்று.

சாம் யோட் மெட்ரோவில் இறங்கி நடந்தால் சாலை நடுவில் வானத்தைத் தொடுகிற மாதிரி இரண்டு சிவப்புத் தேக்குத் தூண்கள், மேலே செதுக்கிய குறுக்குச் சட்டம். இதுதான் பெரிய ஊஞ்சல். முதலாம் ராமா காலத்தில், 1784ல் வைத்தது, இப்போது நிற்பது 2007ல் புதுத் தேக்கில் மாற்றியது. மார்கழி தை வாக்கில் சிவபெருமான் பூமிக்கு வருகிறார் என்று நம்பி நடத்தும் விழாவில், ஆட்கள் பலகையில் நின்று வீசி வீசி ஆடி, மூங்கில் உச்சியில் கட்டிய காசுப் பையைப் பல்லால் கவ்வி எடுப்பார்களாம். 1935ல் ஊஞ்சலாட்டத்தை நிறுத்திவிட்டார்கள். விழா நிற்கவில்லை, கோயிலுக்குள் இன்றும் நடக்கிறது.

விழாவின் பெயர் திரியம்பவாய் திரிபவாய். நம் திருவெம்பாவை, திருப்பாவைதான் அப்படித் திரிந்திருக்கிறது. அரண்மனைப் பிராமணர்கள் அந்த நாட்களில் ஓதுவது மாணிக்கவாசகரின் வரிகள், பல தலைமுறையாக வாய்வழியும் ஏடுவழியும் வந்ததில் உச்சரிப்பு மாறியிருக்கிறது, பொருள் ஓதுகிறவர்களுக்கே தெரியாது. தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று அப்பா சொல்லிச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். மார்கழியில் அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பாட்டி என்னை இருட்டில் எழுப்பிக் கூட்டிப்போவாள், தூக்கக் கலக்கத்தில் "ஆதியும் அந்தமும் இல்லா" என்று நானும் சேர்ந்து சொல்வேன். அதே வரி இந்த வெயிலடிக்கும் ஊரில், ஒரு அரசரின் முடிசூட்டுக்கும் உழவு விழாவுக்கும் மந்திரம் சொல்கிறவர்களின் வாயில் இருக்கிறது.

ஊஞ்சலுக்குப் பக்கத்துத் தெருவில்தான் தேவசதான். வெள்ளையடித்த மூன்று எளிய கட்டிடங்கள்: சிவனுக்கு, பிள்ளையாருக்கு, பெருமாளுக்கு. கோபுரம் இல்லை. முற்றத்தில் குடுமி முடிந்து வெள்ளை உடுத்த ஒரு பெரியவர் இருந்தார். அவர் முன்னோர்கள் ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தெற்குத் தாய்லாந்தின் நகோன் சி தம்மரத் வழியாக வந்தவர்கள் என்பதுதான் இங்கே வழங்கும் செய்தி. மொழி இல்லை எங்களுக்குள். தோழிதான் தைரியமாக, கைகூப்பி, மெதுவாகத் திருவெம்பாவை முதல் பாட்டைச் சொன்னாள். திருநெல்வேலி ஓதுவார் வீட்டுப் பக்கத்தில் வளர்ந்தவள், ராகம் தப்பவில்லை. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். புரிந்ததா தெரியவில்லை, சிரித்தார், உள்ளே போய் இரண்டு பேருக்கும் கையில் கட்ட வெள்ளை நூல் கொண்டுவந்தார்.

அங்கிருந்து நடந்து பான் பா படகுத்துறை. இது ஆறு இல்லை, சேன் சேப் கால்வாய். நீண்ட ஒடுங்கிய படகு, ஹெல்மெட் போட்ட நடத்துனர் விளிம்பில் நடந்துகொண்டே டிக்கெட் தருகிறார், தண்ணீர் தெறிக்கும்போது ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் கயிற்றை இழுத்து பிளாஸ்டிக் திரையைத் தூக்க வேண்டும், எல்லாருக்கும் அது பழக்கம். தண்ணீர் கறுப்பு, நாற்றம் உண்டு. ஆனாலும் ஊர் அதைத் தினமும் சாலையாகப் பயன்படுத்துவதால் யாரும் அதை மறக்க முடிவதில்லை. பெங்களூரில் பெல்லந்தூர் ஏரி நுரை தள்ளும்போது மட்டும் நாங்கள் நினைத்துக்கொள்கிறோம்.

மாலை லும்பினி பூங்கா. ஆள் நீள உடும்புகள் நடைபாதையைக் கடக்கின்றன, ஓடுகிறவர்கள் வழிவிட்டு நிற்கிறார்கள். ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம், பூங்கா முழுக்க அப்படியே நின்றது, நாங்களும் நின்றோம்.

திங்கள், அரண்மனையும் விமான நிலையமும்

அரண்மனைக்கு 500 பாட். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வாசலுக்கு முன்பே ஒருவர் வந்து, இன்று மூடியிருக்கிறது, நான் வேறு கோயிலுக்கு ஆட்டோவில் கூட்டிப்போகிறேன் என்று மிக மரியாதையாகச் சொன்னார். நம்பாதீர்கள், அந்த ஆட்டோ ரத்தினக் கடையில்தான் போய் நிற்கும். நேராக வாசல்வரை போய்ப் பாருங்கள்.

மரகத புத்தர் 66 சென்டிமீட்டர்தான், பச்சைக் கல்லில் செய்தது, பருவத்துக்கு ஒன்றாக வருஷத்தில் மூன்று முறை அரசரே உடை மாற்றுகிறார். கூட்டம் அங்கே நெரிந்தது. நாங்கள் சுற்றுப் பிராகாரத்தில் இருந்தோம். 178 பகுதிகளாக ராமாயணம் சுவர் முழுக்க, தங்கப் பூச்சோடு, சண்டைக்கு நடுவில் சோறு பொங்குகிறவர்கள், பிள்ளை தூக்கி நிற்கிறவர்கள் வரை வரைந்திருக்கிறார்கள். இங்கே அனுமன் வெள்ளை நிறம், பிரம்மச்சாரி கிடையாது. பாலம் கட்டும்போது கல்லைத் திருடும் கடல்கன்னி ராவணன் மகள், அவளைக் காதலித்துப் பிள்ளையும் பெறுகிறார். சனிக்கிழமை தவறாமல் ஆஞ்சநேயருக்கு விளக்குப் போடுகிற தோழி வெகு நேரம் அதைப் பார்த்தாள். "இருக்கட்டுமே, இவங்க ஆஞ்சநேயர் இவங்க இஷ்டம்" என்றாள். எனக்கு அந்தப் பதில் பிடித்தது. சீலோமில் நம்மிடமிருந்து போனதை அவர்கள் அப்படியே வைத்திருக்கிறார்கள் என்று நெகிழ்ந்தேன். இங்கே தங்களுக்கேற்ப மாற்றிக்கொண்டதையும் அதே மரியாதையோடு பார்க்க வேண்டும் என்று படுகிறது.

இப்போது சுவர்ணபூமியில், குடியேற்றம் தாண்டி. எதிரே பாற்கடல் கடைகிறார்கள், வாசுகியின் ஒரு பக்கம் அசுரர், மறுபக்கம் தேவர், மலைமேல் பெருமாள், சுற்றிலும் வரி இல்லாத சாக்லேட் கடை. செலவில் பெரிய பங்கு டிக்கெட்டும் அறையும்தான். ரயில், படகு, தெருச்சாப்பாடு எல்லாம் சேர்த்தாலும் அதில் பாதி வரவில்லை. தோழிக்கு நாளை காலை ஷிப்ட், அதனால் விமானத்தில் தூங்கப் போகிறாள். அடுத்த திரியம்பவாய் எந்தத் தேதியில் வருகிறது என்று இப்போதே தேடிக்கொண்டிருக்கிறாள், பாட்டை முழுசாகப் பாடம் பண்ணிக்கொண்டு வா என்று எனக்கும் சொல்லிவிட்டாள். வரிசை நகர ஆரம்பித்துவிட்டது.